உயிரோடு இருந்தவளுக்கு வந்த கோடி

உயிரோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, அவளுடைய பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிம்மக்கல்லில், ஆற்றுக்கு இறங்குகிற சந்தில், நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டு வாசலில், உச்சிப் பொழுதில் நடந்தது அது. பித்தளைத் தாம்பாளம், அதில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை, சேலைக்கு மேல் ஒரு மாலை.  

ஒரு பெண் செத்தால் அவளுடைய அண்ணன் தம்பிமார் புதுச் சேலை கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. அது வராமல் போனால் நாதியற்ற பிணம் என்று ஊர் பேசும். கிறிஸ்து வேதத்துக்கு வந்த பிறகும் எங்கள் ஜனங்கள் இதை விடவில்லை. போதகர் ஐயா பிரசங்கத்தில் கண்டிப்பார். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, சாவு விழுந்தால் ஜவுளிக்கடைக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவோம்.

கோடி யாருக்கு வந்ததோ அவரை நாங்கள் உபதேசியம்மா என்று கூப்பிடுவோம். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்களில், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்ல மிஷன்காரர்கள் பெண்களை வைத்திருந்தார்கள். தனியாக ஒருத்தி போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். என் புருஷன் மில்லில் வேலை பார்த்து, நெஞ்சு நோய் கண்டு, கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே போய்விட்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் எனக்குத் தெரியும். ஆனால் குரல் உண்டு. அதனால் என்னை அந்த அம்மாவுக்குத் துணையாகப் போட்டார்கள். அவருக்குப் பேச்சு, எனக்குப் பாட்டு. வீடும் ஒன்றாகப் போயிற்று.

நான் லேசில் யாரையும் நம்புகிறவள் அல்ல. சந்தேகம் கெட்ட குணம் என்று கோயிலில் சொல்வார்கள், சந்தையில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் வேதக்காரர்கள். அந்த அம்மாவோ நடு வயதுக்குப் பக்கத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர். அலங்காநல்லூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிக் குடும்பம் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த அம்மா வில்லாபுரம் போவார், அவனியாபுரம் போவார், வெயிலில் வரப்பு வரப்பாக நடப்பார். வடக்கே மட்டும் போக மாட்டார். கல்பாலத்தைத் தாண்டி அலங்காநல்லூர் ரோட்டில் போகச் சொன்னால் கால் வலி வந்துவிடும். தெற்கே வலிக்காத கால் வடக்கே எப்படி வலிக்கும்? புருஷன் உயிரோடு இருக்கிறானோ, பிள்ளையை விட்டுவிட்டு வந்தாளோ, பழைய சாமிக்கு இன்னும் படையல் போகிறதோ என்று நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன்.

இன்னொரு சங்கதியும் என்னை உறுத்தியது. சாகக் கிடக்கிற பெண் இருக்கிற வீடு என்றால் அந்த அம்மா எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வார். என்னையும் சேர்த்துத்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று வீட்டாருக்கும் சந்தேகம், எனக்கும் சந்தேகம். வில்லாபுரத்தில் ஒரு வீட்டில் மருமகள்காரி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"உள்ள போயி என்னதான் செய்வீக? தண்ணி கிண்ணி தெளிச்சு எங்க அத்தைய உங்க ஆளாக்கிட்டுப் போயிராதீக. அப்புறம் எரிக்கிறதா புதைக்கிறதான்னு எங்க மாமா கம்பெடுத்துருவாக."

"இந்தா, என் பையப் பாத்துக்க தாயி. தண்ணிச் செம்பு இல்ல. எனக்குக் குடிக்கவே நீதான் தரணும்" என்றார் உபதேசியம்மா.

அவர் உள்ளே போனதும் மருமகள் என் பக்கம் திரும்பி, "ஏக்கா, நீங்களாச்சும் நெசத்தச் சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? இரண்டு பேருமாகச் சன்னலுக்குக் கீழே போய் நின்றோம். அப்போதுதான் உபதேசியம்மா அந்தக் கேள்வியைக் கேட்பது முதல் தடவையாக என் காதில் விழுந்தது.

"ஆத்தா, யாரோட பேசாம இருக்க?"

கிழவி முனகினாள். "நான் எதுக்குப் பேசணும்? அவதான் பேசணும்."

"அவன்னா?"

"செவத்துக்கு அந்தப் பக்கம் இருக்காளே, என் ஓரகத்தி, அந்தச் சிறுக்கி."

"போற எடத்துல கர்த்தர் உனக்குப் பக்கத்துலயே அவளுக்கும் பாய் போட்டிருந்தா என்ன செய்வ?"

"என் பாயச் சுருட்டிக்கிட்டு வேற எடம் பாத்துப் போயிருவேன்."

"அங்க எல்லாம் ஒரே வீடு ஆத்தா. நடுச்செவரு கெடையாது."

என் பக்கத்தில் நின்ற மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உபதேசியம்மா எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். என்ன சொன்னாரோ, அந்த ஓரகத்தி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள். "என்னடி, இன்னும் போகலையா?" என்றாள். "நீ வந்து அனுப்பி வைப்பேன்னுதான் கெடக்கேன்" என்றாள் கிழவி. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். சண்டை எதற்கு வந்தது என்று மருமகளைக் கேட்டேன். முருங்கைக் கிளையை வெட்டியதற்கு என்றாள். மரம் பட்டுப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

திரும்பி வருகிறபோது கேட்டேன். "அம்மா, அவ வேதத்துக்கும் வரல, செபம் பண்ணச் சொல்லிக் கேக்கவும் இல்ல. இதுல நமக்கு என்ன?"

"வண்டி வந்த பெறகு கட்டுச்சோறு கட்ட முடியாது பிள்ள. கட்டி வைக்கச் சொல்லிட்டு வந்தேன். மத்தது கர்த்தர் பாடு."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆதாயம் இல்லாமல் ஒருத்தி வெயிலில் அலைவாளா? ஆயத்தம் என்று எங்கள் சபையில் சொன்னால், போட்டுப் புதைக்க வெள்ளைத் துணி மடித்து வைப்பது, அடக்கத்துக்கு இன்ன பாட்டு என்று சொல்லி வைப்பது, கல்லறைத் தோட்டத்தில் புருஷனுக்குப் பக்கத்தில் இடம் கேட்பது, இவைதான். மனுஷ வாழ்வு விடியற்காலப் பனி மாதிரி என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறோம். ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வருஷத்துக்கு மிளகாய் வற்றல் காயப்போடப் போய்விடுகிறோம். பனி என்று உண்மையாகவே நம்புகிறவள், பேசாமல் இருக்கிற ஆளோடு இன்னொரு பொழுது பேசாமல் இருப்பாளா? இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அந்த அம்மா படுக்கையில் விழுந்தபோது தோன்றியது.

ஒரு ஐப்பசி அடைமழையில் அவருக்குக் கபம் கட்டிக்கொண்டது. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைக்கார டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டு, நம்பிக்கை குறைவு என்றார். சபைப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். வெள்ளைத் துணி பெட்டியில் தயாராக இருந்தது. பாட்டையும் சொல்லி வைத்திருந்தார். தண்ணீர்க் குடம் யாருக்கு, பாய் யாருக்கு என்பதுகூடத் தீர்மானமாகியிருந்தது. "எம்புட்டு ஆயத்தமா இருக்காக பாருங்க" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். நான் நம்பவில்லை. ஏன் என்றால், வடக்கேயிருந்து கல்பாலம் வழியாகத் தயிர் கொண்டுவருகிற ஒருத்தியிடம், மூச்சு வாங்க வாங்க, "அங்கிட்டு மழையா? கெணறு நெறஞ்சிருச்சா?" என்று தினமும் விசாரித்துக்கொண்டிருந்தார். பரலோகத்துக்குப் புறப்பட்டவளுக்குக் கிணறு என்னத்துக்கு?

பாட வந்தவர்கள் போன பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். கட்டிலருகே உட்கார்ந்து, "அம்மா, யாரோட பேசாம இருக்கீக?" என்று கேட்டேன்.

அந்தக் காய்ச்சலிலும் கண் சிவந்துவிட்டது. "யார்கிட்டடி கேக்குற இந்தக் கேள்விய?"

"கேக்க வேண்டிய ஆளுகிட்டத்தான்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் வைத்த கஞ்சி பொங்கி அணைகிற சத்தம் கேட்டது. போகட்டும் என்று உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

கதை பெரிதில்லை. சின்ன வயதில் தாலி அறுத்தவர். அண்ணன் வீட்டில் இருந்தார். ஒரு நோய்க்கு மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேதத்தைக் கேட்டு நம்பிக்கை வந்து, ஞானஸ்நானம் எடுத்தார். அழைத்துப்போக வந்த அண்ணன் ஆஸ்பத்திரிக் கேட்டிலேயே நின்று, "இனி உன் வாசலை மிதிச்சேன்னா அது உன் சாவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த அம்மாவும் சும்மா இருக்கவில்லை. "நீ வராமலே நான் போய்ச் சேருவேன்" என்று சொல்லிவிட்டார். அவர்களுடைய அப்பா வைத்துவிட்டுப் போன நிலமும் கிணறும் ஊரில் இருந்தன. இந்த அம்மாவுக்கும் அதில் பாத்தியதை உண்டு என்று யாரோ ஊரில் பேசி வைத்திருந்தார்கள்.

"நான் கூப்பிட்டா, பங்கு கேக்கக் கூப்பிடுறேன்னு அண்ணன் நினைக்கும். அதுவா வந்தா, பத்திரத்துல கைநாட்டு வாங்க வந்துருக்குன்னு நான் நினைப்பேன். ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானே" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஊரு பூரா இந்தக் கேள்விய எதுக்குக் கேட்டேன்னு நினைச்ச? எனக்கு நானே கேக்க முடியல பிள்ள" என்றார்.

ஆள் அனுப்பு என்றும் சொல்லவில்லை, அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. மறுநாள் தயிர்க்காரியிடம் நான் சேதி சொன்னேன். "மோசமாக் கெடக்காக. உசுரு இருக்கு. பாக்குறதுன்னா வந்து பாக்கச் சொல்லு." உசுரு இருக்கு என்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் விட்டேன். என் வாயிலிருந்து போன சேதியில் குறை கிடையாது.

இரண்டு பொழுது கழிந்தது. அன்று காய்ச்சல் விட்டு, அம்மா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சந்து முனையில் திடீரென்று ஒப்பாரிச் சத்தம். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் தெரு முனையிலேயே அழத் தொடங்குவார்கள். யார் வீட்டில் சாவு என்று சந்தே வெளியே வந்துவிட்டது. "என்னப் பெத்த மகராசி, எங்கள விட்டுட்டுப் போனியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஒரு அம்மா வர, பின்னால் தாம்பாளத்தோடு நெடு நெடு என்று ஒரு பெரியவர், தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நேராக எங்கள் வாசல்.

உள்ளேயிருந்து உபதேசியம்மா கேட்டார். "யாரு பிள்ள செத்தது?"

"நீங்கதாம்மா போலருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

அழுதுகொண்டு வந்த அம்மா நிலைப்படியில் கால் வைத்து, கட்டிலில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அழுகையை அப்படியே முழுங்கிவிட்டாள். "யாத்தே! மதினி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் எம்புட்டோ சொன்னேன் மதினி, உசுரு இருக்குன்னுதானே தயிர்க்காரி சொன்னான்னு. கேட்டாகளா? அழுதுக்கிட்டே வா, அழாம வந்தா ஊருக்குள்ள என் சொல்லு என்னாகும்ன்னாக."

பெரியவர் வாசலிலேயே நின்றார். "நான் சொன்ன சொல்லு அப்பிடி. சாவுக்குத்தான் வருவேன்னு சொன்னவன், கையில கோடி இல்லாம எப்பிடி இந்தப் படியேறுவேன்?"

எனக்கு விஷயம் விளங்கிற்று. சொன்ன சொல்லையும் உடைக்கக் கூடாது, தங்கச்சியையும் உயிரோடு பார்க்க வேண்டும். அதற்கு அந்த மனுஷன் கண்டுபிடித்த வழி இது. உயிரோடு இருக்கிறவளுக்குக் கோடி கொண்டுவருவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் வந்திருக்கிறார். இப்படி ஒரு தப்பை எங்கள் சீமைக்காரர்கள்தான் யோசித்துச் செய்வார்கள்.

உபதேசியம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, நான் முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கைநாட்டுக்கா வந்த?"

"நீ கூப்பிட்டது பங்குக்கா?"

"இல்ல."

"நானும் இல்ல."

நான் பெரியவருடைய மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டி மடிப்பில் பத்திரம் ஏதும் இருக்கிறதா என்று. மடியை அவிழ்த்தபோது வெற்றிலைதான் வந்தது. அதற்குள் அண்ணன் பெண்சாதி தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடலாம் என்று கை நீட்டினாள். பெரியவர் அதட்டினார். "போன கோடி வீட்டுக்குத் திரும்பினா வேற உசுரக் கேக்கும். வைய்யி."

"கொண்டா இங்க" என்று சேலையை வாங்கி விரித்துப் பார்த்தார் அம்மா. வெள்ளைதான். ஆனால் விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை ஓடியது. தாலி அறுத்தவளுக்குக் கரையில்லாத வெள்ளைதான் எடுப்பார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கரை வச்சதா எடுத்த?"

"கடைக்காரன் கேட்டான். இருக்கட்டும்னேன்" என்று அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தாலி அறுத்த அன்றைக்குத் தங்கச்சியின் கலர்ச் சேலைகளை அள்ளிக்கொண்டு போனதும் அவர்தானாம். பிறகு தெரிந்தது.

"நீ வராமலே போவேன்னு சொன்னேன்ல, அது தப்புண்ணே. கர்த்தரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. உள்ள வா. கை நனைக்காமப் போனா சாவுக்கு வந்த கணக்குத்தான் ஆகும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பெண் யார், என்ன ஆள், இவள் பொங்கியதை எப்படித் தின்பது என்ற பார்வை. நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார். அதையும் கவனித்தேன். பிறகு என்ன நினைத்தாரோ, கட்டிலருகே போய் உட்கார்ந்து, "உன் கஞ்சியக் குடு" என்று தங்கச்சி குடித்து வைத்த மிச்சத்தை வாங்கிக் குடித்தார். காய்ச்சியது நான்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

புறப்படுகிறபோது அம்மா கிணற்றை விசாரித்தார். "நெறஞ்சு கெடக்கு. உன் பங்கும் சேந்துதான் நெறஞ்சிருக்கு" என்றார் பெரியவர். விட்டுக்கொடுத்துச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தீர்மானமில்லை.

டாக்டரம்மாவே ஆச்சரியப்படும்படி உபதேசியம்மா எழுந்து நடமாடிவிட்டார். திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பச்சைக் கரைக் கோடியை உடுத்திக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்தாள். போதகர் ஐயா கூப்பிட்டு விசாரித்தார். "செத்த பெறகு போத்துனா எனக்கு எப்பிடித் தெரியும் ஐயா? அதான் இருக்கும்போதே உடுத்திக்கிட்டேன்" என்றார். 

தை பிறக்குமுன் தயிர்க்காரி சேதி கொண்டுவந்தாள். பெரியவர் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைத்த கமலை மாட்டை அவிழ்த்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. உபதேசியம்மாவுக்கு அன்று கால் வலிக்கவில்லை. வண்டி பிடித்து வடக்கே போனோம். ஊருக்குள் நுழையும்போதே பேச்சு காதில் விழுந்தது. உயிரோடு கோடி கட்டிக்கொண்டவளைத் தேடி வந்த சாவு, ஆள் மாறி இங்கே வந்துவிட்டது என்றார்கள். அண்ணன் மகன்கள் வாசலை மறித்து நின்றார்கள். "எங்கப்பன முழுங்கிட்டு எதுக்கு வந்த?" என்றான் மூத்தவன். அம்மா திரும்பிப் போகவில்லை.  வெயிலில் அப்படியே நின்றார். எனக்கோ, இவர்கள் கையை வைத்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கண் வழி தேடியது.

உள்ளேயிருந்து அண்ணன் பெண்சாதி எழுந்து வந்தாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. மகனை விலக்கிவிட்டு, ஊர் கேட்கச் சொன்னாள். "பேசாம இருந்த வருசமெல்லாம் உங்கப்பா தூக்கத்துல பல்லக் கடிப்பாக. பக்கத்துல படுத்திருந்தவ எனக்குத் தெரியும். மதினியப் பாத்துட்டு வந்த நாள்லருந்து கடிக்கல. விடுங்கடா."

அதை நான் நம்பினேன். அப்படி ஒரு பொய்யை யாராலும் யோசித்துச் சொல்ல முடியாது.

உபதேசியம்மா அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தார். சத்தமாக ஜெபம் செய்யவில்லை, யாருக்கும் வேதம் சொல்லவில்லை. போகிற இடத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் பாய் கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. யார் போன வழி எது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. சாகப் போகிறாள் என்று பார்க்க வந்தவர் முந்திப் போனார். சாகக் கிடந்தவள் சண்டை முடிந்து வெகு காலம் இருந்தாள். வண்டி யார் வாசலுக்கு முதலில் வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. அது மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

இப்போது எனக்கு அந்த அம்மாவைவிட வயது அதிகமாகிவிட்டது. போன வாரம் எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கிற போதகர் தம்பி வீட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, உங்களுக்கு மனசுல யார் மேலயும் வருத்தம் இல்லையே?" என்று கேட்டார். "இல்லைய்யா, எல்லாரோடும் சமாதானம்" என்றேன். அவர் சந்தோஷமாக நம்பி, ஜெபம் செய்துவிட்டுப் போனார். நல்ல பிள்ளை. கதவை ஒருக்களித்துச் சாத்தத் தெரியவில்லை.

வில்லாபுரத்தில் என் நாத்தனார் இருக்கிறாள். என் புருஷன் அடக்கத்தன்று அவள் என்னைச் சொன்ன ஒரு சொல்லுக்காக அன்றிலிருந்து அவள் வாசலை நான் மிதித்ததில்லை. தப்பு அவள் பேரில்தான், அதில் மாற்றமில்லை. அவளும் கண் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாளாம். நாளைக்கு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லி என் தம்பி பேரனிடம் சொல்லியிருக்கிறேன். நான் முதலில் பேச மாட்டேன். ஆனால் கண் தெரியாதவளிடம் பேசாமல் நின்றால், வந்தது யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதுதான் யோசனையாக இருக்கிறது.